பத்திலிருந்து பன்னிரண்டு வரை கட்டிய கார்

தம்பி,

சலிக்கவில்லையா என்று கேட்டாய். சலித்தது. நிறைய நாள் சலித்தது. கார் ஓடும் வீடியோவை அனுப்பிய அன்று, “ஆறு வருசம்மா, எப்படிம்மா சலிக்காம பண்ணினீங்க?” என்று நீ கேட்டதும், அதெல்லாம் அப்படித்தான் என்று சொல்லி, சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் நீ காரைப் பற்றிக் கேட்கவில்லை என்று உறைத்தது. சி.ஏ. கடைசிப் பரீட்சையை மூன்று தடவை எழுதிவிட்டாய். நாலாவது தடவைக்கு இன்னும் புத்தகத்தையே திறக்கவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். சென்னையில் அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு இருபத்தொன்பது வயசில் என்ன நினைத்துக் கேட்டாயோ, அதற்குப் பதில் சொல்லாமல் சாப்பாட்டை விசாரித்தேன். அதனால் இதை எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். இதில் உனக்கு உபயோகமாக ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்.

கார் வந்த கதை உனக்குத் தெரியும். எஸ்டேட் டாக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஹெரால்டு அது. அவர் வேலையை விட்டுப் போன பிறகு டிஸ்பென்சரிக்குப் பின்னால் சைப்ரஸ் மரத்தடியில் பல வருஷம் நின்றது. எஸ்டேட்டின் லாரியும் ஜீப்பும் டிராக்டரும் முப்பத்திரண்டு வருஷம் அப்பா கையில்தான் ஓடின. ரிட்டயர் ஆன அன்று மேனேஜர் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, அந்தக் காரைக் கேட்டார். கயிறு கட்டி இழுத்து வந்து பின்பக்கத் தகரக் கொட்டகையில் விட்டபோது பின் சீட்டில் எலி குட்டி போட்டிருந்தது. நீ அப்போது பி.காம். கடைசி வருஷம். மூன்றே மாதத்தில் அப்பாவும் நீயும் அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிவிட்டீர்கள். கழற்றும்போது யாருக்குமே சலிப்பு வராது. தினமும் ஏதாவது ஒன்று கையோடு வந்துவிடும், பார்க்கிறவர்களுக்கும் பெரிய வேலை நடப்பதுபோல் இருக்கும். முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாகத் திறக்கும் அந்த பானெட்டை நாம் மூன்று பேரும் தூக்கிக்கொண்டு போய் நடையில் சாய்த்து வைத்தோம். சீட்டெல்லாம் உன் அறைக்கு வந்தது.

பிறகு நீ சென்னைக்குப் போனாய். அதே வருஷம் அப்பாவின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் குளிர் என்று நினைத்தோம். கோயம்புத்தூரில் டாக்டர் பார்த்து, பார்க்கின்சன் என்றார்.  வீட்டுக்கு வந்ததும் அப்பா கொட்டகைக்குப் போய், ஒரு நட்டை எடுத்து போல்ட்டில் மாட்டப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நட்டு மூன்று தடவை கீழே விழுந்தது. மூன்றாம் தடவை குனிந்து எடுக்காமல், தார்ப்பாயை இழுத்து எல்லாவற்றையும் மூடிவிட்டு வந்துவிட்டார். இரண்டு வருஷம் அந்தத் தார்ப்பாய் எடுபடவே இல்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அந்த இரண்டாம் வருஷக் கடைசியில், அப்பாவிடம் கேட்காமல், காரை விற்க ஏற்பாடு செய்தேன். இடம் அடைக்கிறது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அப்பா காலையில் காபியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்து நிற்பார். தார்ப்பாயைப் பார்ப்பார். காபி சட்டையில் சிந்தும். அதைத் தினமும் பார்க்க என்னால் முடியவில்லை. கார் போய்விட்டால் அவர் நிற்க மாட்டார் என்று நினைத்தேன். பழைய கார்களை வாங்குகிற ஒருவர் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு சனிக்கிழமை காலை சின்ன லாரியோடு வந்தார். அன்றைக்குத்தான் அப்பாவிடம் சொன்னேன். “சரி” என்றார். அவ்வளவுதான்.

இரண்டு ஆட்கள் சேஸிஸை லாரியில் ஏற்றிக் கயிறு போட ஆரம்பித்தார்கள். அப்பா உள்ளே இருந்தார். திடீரென்று செருப்புகூடப் போடாமல் வெளியே வந்தார்.

“ஏனுங்க, கயிறை நடுவுல போடாதீங்க. ஏற்கெனவே துரு அரிச்ச சேஸிஸுங்க அது. மலையெறங்கற காட் ரோட்டுல குலுங்கினா வளைஞ்சு போயிரும். முன்னாடி ஸ்பிரிங் உக்கார்ற எடத்துல கட்டுங்க.”

“எப்படியும் அறுக்கப் போறதுதானுங்கய்யா, வளைஞ்சா என்னங்க?” என்றார் வந்தவர்.

 அப்பா லாரியின் பக்கவாட்டில் ஏறப் பார்த்தார். கால் வரவில்லை. கீழே நின்றபடியே நடுங்குகிற கையை நீட்டி, கயிறு போக வேண்டிய இடத்தை ஒரு விரலால் காட்டிக்கொண்டே இருந்தார். விரல் நிற்கவில்லை, ஆனால் இடம் சரியாகத்தான் இருந்தது. கயிறு போட்ட ஆள் அதைப் பார்க்காமல் நடுவிலேயே முடிச்சு போட்டான்.

நான் வந்தவரிடம், “மன்னிச்சுக்குங்க, கொடுக்கிறதா இல்லைங்க, எறக்கிருங்க” என்றேன். அவருக்குக் கோபம் வந்தது, நியாயம்தான். மலையேறி வந்தவரைச் சும்மா திருப்பி அனுப்பினால் யாருக்கும் வரும். டிபன் சாப்பிட்டுப் போகச் சொன்னேன், அதற்கும் நிற்கவில்லை. நான் ஏன் லாரியை வரவழைத்தேன் என்று அப்பா இன்றுவரை கேட்டதில்லை. ஏன் திருப்பி அனுப்பினேன் என்றும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை நான் அவரிடம், “ஏனுங்க, இதுல எனக்கு முடியற வேலை எதுன்னு சொல்லுங்க” என்று கேட்டேன். நான் யார்? பாக்டரி ஆபீஸில் டீத்தூள் மூட்டைகளுக்கு மார்க் எழுதிக்கொண்டிருந்தவள். ஸ்பானர் எது, ரிங் ஸ்பானர் எது என்று தெரியாது.  அப்பா கதவின் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியையும் ஒரு கம்பி பிரஷ்ஷையும் கொடுத்தார். அந்தக் கைப்பிடியைத் துருவில்லாமல் தேய்க்க எனக்கு இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் அது பளிச்சென்று இருந்தது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னும் மூணு இருக்குது” என்றார்.

இங்கே நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அப்பாவோடு வேலை செய்வது லேசில்லை. அவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பார். “அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். எந்தப் பக்கம்னு சொன்னேன்? கண்ணு எங்க இருக்குது?” அந்தக் கழற்றுகிற மாதங்களில் நீ எத்தனை தடவை முகம் சிவந்து கொட்டகையிலிருந்து வந்து சமையல்கட்டில் நின்றிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் நான், “அப்பா சொல்றதைக் கேட்டாத்தான் என்ன?” என்றுதான் சொன்னேன். உன் இடத்தில் மூன்று வாரம் நின்ற பிறகுதான் எனக்கு விளங்கியது. நாலாவது வாரம் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு, “நான் உங்க கிளீனர் இல்லைங்க. இன்னொரு தடவை இப்படிப் பேசினா நான் உள்ள போயிருவேன், அப்புறம் யாரு செய்வாங்கன்னு பாத்துக்குங்க” என்று கத்தினேன். அப்பா சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் குறைத்துக்கொண்டார். உனக்காக அப்போதே நான் அப்படிக் கத்தியிருக்க வேண்டும். நீ சென்னைக்குப் போகிற அவசரத்தில் பாதி அவசரம் கொட்டகையை விட்டுப் போகிற அவசரம் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

நீ கேட்டதற்கு வருகிறேன். எப்படித் தொடர்ந்து செய்தோம்? எங்களுக்கு வேறு வழி இல்லாததுதான் எங்களுக்கு நல்லதாக அமைந்தது. அப்பாவுக்கு மாத்திரை கேட்கிற நேரம்தான் வேலை நேரம். காலை மாத்திரை ஒன்பதரை மணிக்கு மேல்தான் பிடிக்கும். பன்னிரண்டு மணிக்கு விட்டுவிடும். அதற்குப் பிறகு அவர் நாற்காலியிலிருந்து எழுவதே பெரிய காரியம், குரலும் உள்ளே போய்விடும். அதனால் பத்திலிருந்து பன்னிரண்டு, அவ்வளவுதான். வேலை நன்றாகப் போனாலும் பன்னிரண்டுக்கு நிறுத்திவிடுவோம். ஆரம்பத்தில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. இன்னும் இரண்டு போல்ட்தானே, முடித்துவிட்டால் என்ன என்று தோன்றும். போகப் போகத்தான் பார்த்தேன், அந்த இரண்டு போல்ட்டை விட்டுவிட்டு வந்த அன்றைக்கு மறுநாள் காலையில் எனக்கே கொட்டகைக்குப் போக ஆசையாக இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கத் தேவையில்லை, போனதும் கை தானாக அதற்குப் போய்விடும். எல்லாவற்றையும் முடித்துச் சுத்தமாகத் துடைத்து வைத்துவிட்டு வந்த நாட்களுக்கு மறுநாள்தான் கஷ்டம். அடுத்தது என்ன என்று அந்தக் குவியலைப் பார்த்தால் போதும், திரும்பி வீட்டுக்குள் போய்விடத் தோன்றும். நீ ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் படித்துவிட்டுப் பிறகு பத்து நாள் புத்தகத்தைத் தொடாமல் இருப்பாயே, அது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

முழுக் காரையும் பார்க்காமல் இருக்கவும் கற்றுக்கொண்டேன். அன்றைக்குள்ள பொருளை மட்டும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, மற்றதற்கு முதுகைக் காட்டி உட்காருவேன். வேடிக்கையாக இருக்கும், ஆனால் அதுதான் செய்தேன். பிரேக் சாமான்களுக்கு மட்டும் ஒரு மழைக்காலம் முழுவதும் போனது. கதவு ரப்பர் கிடைக்க ஒன்பது மாதம் ஆனது. உக்கடத்தில் பழைய இரும்புக் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் வேறொரு காரின் ரப்பரை வெட்டி ஒட்டினோம். அந்த ஒன்பது மாதமும் ரப்பருக்காகக் காத்திருக்கவில்லை, சீட்டைத் தைத்தேன். ஒரு வேலை நின்றுபோனால் போய் உட்கார இன்னொரு வேலை எப்போதும் கைவசம் இருந்தது.

கேத்தி பக்கம் ஒரு படுகர் ஹட்டியிலிருந்து ஜோகி அண்ணன் வருவார், வெல்டிங்குக்கும் பெயின்ட்டுக்கும். சேஸிஸின் இரண்டு பக்கமும் நீளும் கைகள் துருவில் தூளாகியிருந்தன. அவர் ஒவ்வொன்றாக அறுத்தெடுத்துப் புதிதாகச் செய்து வைத்தார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அளவு சொல்ல, நான் டேப் பிடிக்க, அவர் பற்றவைக்க, அந்தச் சில மாதங்கள்தான் இந்த ஆறு வருஷத்தில் சந்தோஷமானவை.

பெயின்ட் கதை உனக்கு வேறு மாதிரி தெரியும். கிறிஸ்துமஸுக்கு நீ வருகிறாய் என்றதும் எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. நீ வந்து இறங்கும்போது கார் நீல நிறத்தில் நிற்க வேண்டும். ஜோகி அண்ணன், “அக்கா, டிசம்பர் வேண்டாம்ங்க, பனி உக்காரும்” என்றார். அப்பாவும் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. கொட்டகையைச் சுற்றி பிளாஸ்டிக் ஷீட் கட்டி, உள்ளே கரி அடுப்பு வைத்து, அவரை அடிக்கச் சொன்னேன். அடித்த அன்று சாயங்காலமே மேகம் உள்ளே இறங்கியது. காலையில் பார்த்தால் கார் முழுவதும் பால் தெளித்த மாதிரி வெள்ளை பூத்திருந்தது. நீ மறுநாள் வந்தாய். கொட்டகைக்குள் பார்த்துவிட்டு, “என்னம்மா, பூசணம் புடிச்ச மாதிரி இருக்குது” என்றாய். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னாய். நான் எல்லார் முன்னாலும், “எதையும் பாதியில விட்டுட்டு ஓடறவன் பேசாதே” என்றேன். உன் முகம் எப்படி ஆனது என்று எனக்குத் தெரியும். அந்தத் தடவைதான் நீ பரீட்சையில் முதன்முதலாகத் தோற்றுவிட்டு வந்திருந்தாய், அதை எங்களிடம் சொல்லத்தான் வந்திருந்தாய் என்பது பிறகு தெரிந்தது. சொல்லாமலேயே இரண்டு நாள் முன்னதாகக் கிளம்பிவிட்டாய். தம்பி, அந்தக் கோபம் உன்மேல் வந்தது அல்ல. அவசரப்பட்டுக் கெடுத்தது நான். அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

நீ போன பிறகு ஐந்து மாதம் நான் கொட்டகைக்குப் போகவில்லை. அப்பாவும் கூப்பிடவில்லை. பத்து மணிக்கு இரண்டு பேரும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்போம். அவர் நடை குறைந்தது, ஒரு தடவை குளியலறையில் விழுந்தார். விட்டுவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன். மே மாதம் ஜோகி அண்ணன் தன் பெயின்ட் அடிக்கிற கம்ப்ரஸரை எடுத்துப் போக வந்தார். மழை பிடித்துக்கொண்டது. டீ கொடுத்தேன். மழை விடவில்லை. சும்மா உட்கார முடியாத மனுஷன், ஒரு சொம்புத் தண்ணீரும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு காரின் பின்பக்க மூலையில் ஒரு கையகலம் தேய்த்தார். வெள்ளை போய், அடியில் நீலம் வந்தது. “கெட்டுப் போகலைங்கக்கா, மேலால மட்டுந்தான்” என்றார். மழை விட்டதும் போய்விட்டார். கம்ப்ரஸரை எடுத்துப் போகவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு நான் போய் அந்தக் கையகலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கையகலம் தேய்த்தேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் முடிப்பேன் என்றெல்லாம் ஒன்றும் மனசில் இல்லை. அன்றைக்கு அது மட்டும்தான். மூன்றாம் நாள் அப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். காரைச் சுற்றி வர எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. தேய்த்ததற்கு மேலே பெயின்ட் மறுபடி அடுத்த மார்ச் மாத வெயிலில்தான் அடித்தோம்.

பிறகும் நேராக ஒன்றும் நடக்கவில்லை. இன்ஜின் முதல் தடவை கிளம்பியபோது கொட்டகை முழுவதும் புகை. மறுபடி பிரித்தோம். இரண்டாம் தடவை ஆயில் ஒழுகியது. அறுபது வயசில் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்ததை உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்பாய் என்று. முதல் தேர்வில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னபோது வேலிக்குள் விட்டுவிட்டேன். இரண்டாம் தடவையில்தான் லைசென்ஸ் கொடுத்தார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கார் ஓடுவதால் அப்பாவின் நடுக்கம் நின்றுவிடவில்லை. இந்த ஆறு வருஷத்தில் கூடித்தான் இருக்கிறது. இப்போது ஸ்பூனில்தான் சாப்பிடுகிறார், பட்டனை நான்தான் போட்டுவிடுகிறேன். வேலை செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. எங்களுக்குப் பத்து மணிக்குப் போக ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான். அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. உன்னைப் பரீட்சை எழுது என்றும் சொல்ல மாட்டேன், விட்டுவிடு என்றும் சொல்ல மாட்டேன். விட்டால் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் தோற்ற சூட்டில் முடிவு எடுக்காதே. ஒரு வாரம் தினமும் ஒரு பக்கம் படித்துப் பார். எட்டாவது நாள் காலையிலும் வேண்டாம் என்று தோன்றினால் மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வா. எதை முடித்தாய், எதை முடிக்கவில்லை என்று இனி என் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

வீடியோவில் நீ பார்த்தது கொட்டகையிலிருந்து கேட் வரைக்கும்தான். போன வியாழக்கிழமை ரோட்டில் எடுத்தோம். வண்டிச்சோலை வரை போய்த் திரும்பலாம் என்றார் அப்பா. நான் ஓட்ட, அவர் பக்கத்தில். “செகண்ட்… இப்ப செகண்ட்… விடு, மெதுவா விடு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஏற்றத்தில் ஒரு வளைவில் இன்ஜின் அணைந்துவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். எதிரே கோத்தகிரியிலிருந்து இறங்கி வந்த பஸ் எங்களுக்கு வழிவிட நின்றது.  பஸ் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, “ஏனுங்கய்யா, ஹெரால்டுங்களா? பாத்து எத்தனை காலமாச்சுங்க! எங்க குடுத்துப் பண்ணினீங்க?” என்று கேட்டார்.

அப்பா வெளியாட்களிடம் பேசுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. குரல் கேட்காது, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், அது அவருக்குப் பிடிக்காது. அன்றைக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கினார். கைப்பிடியைச் சுற்றக் கொஞ்ச நேரம் ஆனது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். அப்பா தலையை வெளியே நீட்டி, மூச்சைச் சேர்த்துக்கொண்டு, பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படியாகச் சொன்னார்:

“எங்கயும் குடுக்கலைங்க. இந்தம்மா பண்ணினதுங்க.”

நான் சாவியைத் திருப்பினேன். கிளட்சை அவசரமாக விட்டுவிட்டேன், வண்டி ஒரு குதி குதித்து மறுபடி அணைந்தது. பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. “பதட்டப்படாதீங்கம்மா, மெதுவா எடுங்க” என்றார்.

அன்புடன்,
அம்மா